டப்பா ஐயா

கொக்கிப்புழுவை ஒழிக்க அமெரிக்காவிலிருந்து ஒரு டொக்டர் வந்தார். அவரோடு மைக்ரோஸ்கோப்பும் மருந்தும் வந்தன. இலங்கை அரசாங்கம் தன் பங்குக்கு ஆட்களைக் கொடுத்தது. அதில் நானும் ஒருவன். இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறி, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் தகர டப்பாக்களைக் கொடுத்து, மறுநாள் அவற்றில் மலம் வாங்கி வர வேண்டும். பெரிய உத்தியோகம்தான்!

"டப்பா ஐயா வாராரு!" என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும். பெரியவர்கள் மரியாதையாகவே விலகி நிற்பார்கள். எவரும் உட்காரச் சொன்னதில்லை. மாலையில் அறைக்குத் திரும்பி, நானே ஆக்கிய சோற்றைச் சுவரைப் பார்த்தபடி தின்பேன். பேச ஆளில்லாமல் தவித்துப்போனேன்.

ஒரே ஒரு வீட்டில் தேத்தண்ணி கிடைத்தது. அந்த வீட்டுக்காரி கொழுந்து எடுப்பவள். புருஷனுக்குக் கொழுந்தை அரைத்துத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை. "குடிச்சிட்டுப் போங்க, அண்ணே" என்பாள். அந்த 'அண்ணே'வுக்காகவே அந்த லயத்துக்குக் கடைசியாகப் போவேன். அவசரமில்லாமல் உட்காரலாமே.

பரிசோதனையில் இருவர் டப்பாவும் சுத்தம். கொக்கிப்புழு மண்ணிலிருந்து பாதம் வழியாக ஏறி, குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சுவது. ஸ்டோரின் பலகைத் தரையில் நிற்பவனுக்கு இல்லாதது சரி. வெறுங்காலோடு மலையில் நிற்பவளுக்கும் இல்லையாம்! அவள் இமைக்குள் ரத்தமே இல்லை. கால் வீங்கியிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினாள். அவள் வெட்கப்பட்டதால் இரண்டு டப்பாவையும் புருஷனே நிரப்பியிருக்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புழு இல்லாதவருக்கு மருந்து கிடையாது. கேட்டால் அவமானப்படுவாள், கேட்காவிட்டால் பிழைக்கமாட்டாள். இவ்வளவு தெரிந்தும் ஒரு வாரம் அதைக் கேட்காமல் தேத்தண்ணி குடித்தேன். இன்று நினைத்தாலும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

கடைசியில், அந்த டப்பாவில் இருந்தது அவளுடையதுதானா என்று கேட்டேவிட்டேன். அவள் முகம் செத்துப்போனது.

"பொம்பளகிட்ட கேக்குற கேள்வியா இது?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இது ஒன் உசுரு, தங்கச்சி" என்று கதவைப் பார்த்துச் சொல்லி, புது டப்பாவை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அது வாழையிலையால் மூடி அதே இடத்தில் இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் புழுவின் முட்டைகள் மொய்த்துக் கிடந்தன. டொக்டர் என் முதுகில் தட்டிப் பாராட்டிவிட்டு, அவளுக்குத் தானே மருந்து கொடுத்தார். அதன்பிறகு அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவளை மலையில் பார்த்தேன். கூடை நிறையக் கொழுந்து. முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எப்படி இருக்க, தங்கச்சி?"

முக்காட்டை இழுத்துவிட்டு, அடுத்த செடிக்கு நகர்ந்தபடியே சொன்னாள்: "நல்லா இருக்கேங்க, ஐயா."