தேனை எடுத்தேன், எண்ணெயை எடுத்தேன்

சாலட் செய்வதில் என்ன கஷ்டம், காயை நறுக்கிப் போட வேண்டியதுதானே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சுட்ட கோழி போட்ட சாலட் என்றால் இன்னும் அதிகமாக வரும். ஒரு வருடத்துக்கும் மேலாக எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாடு அதுவாகத்தான் இருந்தது. செய்தவள் நான். அதை வைத்து என்னை ஏமாற்றியவர் என் வீட்டுக்காரர்.

அவருக்குச் சர்க்கரை இருப்பது ரொம்ப நாளாகத் தெரியும். மாத்திரையும் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் ஜிலேபியும் தின்றுகொண்டு காலத்தை ஓட்டினார். பிறகு கண் ஆஸ்பத்திரியில், கண்ணுக்குள் ரத்தக்குழாய் கசிய ஆரம்பித்துவிட்டது என்றார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராவிட்டால் பார்வை போய்விடும், போனது திரும்பாது என்றார்கள். அவர் கணபதி ஏரியாவில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் மெஷினில் இரும்பு கடைகிறவர். முடியளவு வித்தியாசம் வந்தாலும் பீஸ் குப்பைக்குத்தான். கண் போனால் வேலை போய்விடும். வேலை இல்லாமல் அந்த மனிதரால் உட்கார முடியாது. லீவு நாளில்கூட வீட்டில் நன்றாக இருக்கும் தாழ்ப்பாளைக் கழற்றி மறுபடி மாட்டுகிறவர்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைக் கிளப்பாமல் அப்படியே நின்றார். "அம்மணி, நீ என்ன போட்டாலும் தின்னுக்கறேன். எனக்குக் கண்ணு வேணும்" என்றார். குரல் உடைந்திருந்தது. நான் நம்பினேன்.

சரவணம்பட்டியில் ஒரு ஐடி கம்பெனி கேன்டீனில் பில் போடுவது என் வேலை. எனக்கு எதிரிலேயே சாலட் கவுண்டர். வாங்கித் தின்கிற பிள்ளைகள் எல்லாம் ஒல்லியாக இருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. கோழியின் நெஞ்சுக்கறியைத் தட்டையாக வெட்டி, எண்ணெய் அதிகம் இல்லாமல் சுட்டு, துண்டு போட்டு, இலையோடும் காயோடும் கலந்து, மேலே ஒரு குழம்பு மாதிரி ஊற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் டிரெஸ்ஸிங். பில் போட்டுக்கொண்டே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

முதல் தடவை நாட்டுக்கோழி வாங்கினேன். பிராய்லர் கெடுதல் என்ற நினைப்பு. நாட்டுக்கோழியைத் தோசைக்கல்லில் சுட்டால் அது செருப்பு. மென்று மென்று இரண்டு பேருக்கும் தாடை வலித்ததுதான் மிச்சம். அடுத்த வாரம் பாய் கடைக்குப் போய் நெஞ்சுக்கறி மட்டும் கேட்டேன்.

"தோலு?"

"வேண்டாங்க பாய்."

"எலும்பு?"

"வேண்டாங்க."

"ஈரல் கொஞ்சம் போடட்டுங்களா?"

"அதும் வேண்டாங்க."

"அப்புறம் எதுக்குங்கம்மா கோழி? பன்னீர் வாங்கிட்டுப் போயிருங்க" என்று சிரித்தார். ஆனாலும் கத்தியைப் படுக்க வைத்து அழகாக மெல்லிசாக வெட்டிக் கொடுத்தார்.

அந்தக் கறியில் உப்பு, மிளகுத்தூள், தட்டிய பூண்டு, எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை மஞ்சள். அரை மணி நேரம் ஊற வேண்டும். கல் புகைகிற அளவுக்குக் காய்ந்த பிறகுதான் போட வேண்டும். போட்டபின் கரண்டியால் அமுக்கக்கூடாது, அடிக்கடி திருப்பக்கூடாது. இறக்கியதும் வெட்டக்கூடாது, சாறெல்லாம் ஓடி, கறி சக்கையாகிவிடும். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன்.

டிரெஸ்ஸிங் கடையில் பாட்டிலில் கிடைக்கிறது. பாட்டிலைத் திருப்பிப் படித்தால் உள்ளே சர்க்கரை. அதனால் வீட்டிலேயே செய்தேன். கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடித்து, அதில் ஊறவைத்து அரைத்த கடுகு, பூண்டு, எலுமிச்சை, மிளகு, கொஞ்சம் கடலெண்ணெய், ஒரு கரண்டி தேன். ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி, கை வலிக்கக் குலுக்க வேண்டும். கடுகு அரைத்தால் கசக்கும். அந்தக் கசப்பை அடக்குவது தேன். முதல் நாள் விரலால் தொட்டு நக்கிவிட்டு, "அட, இது நல்லாருக்குதே" என்றார். அன்றைக்கு அவர் சொன்னது நிஜம். அதையும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டில் ராத்திரி என்றால் அரிசியும் பருப்பும் சாதம்தான், நெய் விட்டு, அப்பளம் வைத்து. அதை நிறுத்தினேன். அவர் முன்னால் நான் மட்டும் தின்ன முடியுமா? எனக்குச் சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நானும் அவரோடு உட்கார்ந்து இலை தின்றேன்.

சர்க்கரை இறங்கவில்லை.

சர்க்கரை டாக்டர் சின்ன வயசுப் பெண். திருச்சிப் பக்கம். நல்ல மாதிரி, ஆனால் கேள்வி கேட்டால் விடமாட்டார். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்.

"வெளிய எங்கயாவது சாப்பிடறீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

"ஓட்டல்? பேக்கரி? டீக்கடை பஜ்ஜி?"

"அந்தப் பக்கமே போறதில்லைங்க. ஊட்டுல இவ போடறதுதான்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். ராத்திரிக்கு டிரெஸ்ஸிங் ஊற்றிய கோழி சாலட் என்று சொன்னேன். "அந்த டிரெஸ்ஸிங்ல என்னம்மா சேக்கறீங்க?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது.

"தேனா? தேன் எதுக்கும்மா? தேனும் சர்க்கரைதானே?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த பாதப் பராமரிப்புப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேனை எடுத்தேன். அடுத்த தடவை போனோம், இன்னும் ஏறியிருந்தது. மாதுளையை எடுத்தேன். கேரட்டை எடுத்தேன். மேலே தூவுகிற கொண்டைக்கடலையை எடுத்தேன். எண்ணெயைப் பாதியாக்கினேன், பிறகு அதையும் எடுத்தேன். கடைசியில் டிரெஸ்ஸிங் என்பது மோரில் கரைத்த கடுகு. வாயில் வைத்தால் மூக்கு வழியாகக் கசக்கும்.

"நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்பேன்.

"நல்லா இருக்குது அம்மணி."

பாதிதான் தின்பார். கண்ணைப் பற்றிய கவலையில் பசி போய்விட்டது என்று நினைத்துக்கொள்வேன். இவ்வளவு கசப்பை ஒரு வார்த்தை சொல்லாமல் தின்கிற மனிதர் என்று எனக்கு அவர்மேல் பெருமைகூட இருந்தது. ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. என் கையால் போடுகிற ஏதோ ஒன்றுதான் அவர் கண்ணைக் கெடுக்கிறது, அது எது என்று யோசித்துக்கொண்டே கிடப்பேன். உப்பா? பூண்டா? கல்லா? ஒரு நாள் அந்தக் கல்லையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினேன். அவர்தான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எது கனமாக இருக்கிறது என்று தட்டிப் பார்த்து வாங்கிக் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு நங்கை முறை. அவர் வீடு கணபதியில், கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் சந்தில். கையில் தூக்குப்போசி நிறையக் கோழிக்குழம்பு. நான் மரியாதைக்காக நங்கைக்கும் ஒரு தட்டில் சாலட் வைத்தேன். ஒரு வாய் வைத்தவர் முகத்தைக் கோணினார்.

"ஏங்கண்ணு, இதென்ன இப்படிக் கசக்குது? மாட்டுக்குப் போட்டா மாடு திரும்பிப் பாக்காது."

"சர்க்கரைக்கு அப்படித்தானுங்க நங்கையா. உங்க தம்பி ஒரு வார்த்தை சொல்றதில்லீங்க. பேசாமத் தின்னுக்கறாரு."

நங்கை சிரித்தார். "அவன் எதுக்குச் சொல்றான்? அவந்தான் எங்கூட்டுல கை நனைச்சுட்டு வாரானே."

வீட்டுக்காரர் சோபாவில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். முள்கரண்டி வாய்க்குப் போகாமல் நின்றது.

"எப்பவாச்சுமுங்களா?" என்று கேட்டேன்.

"எப்பவாச்சுமா? நாளும்தான். கம்பெனி விட்டா எங்கூட்டு வழியாத்தான வரோணும்? கூடப் பொறந்தவன் வாசல்ல வந்து நிக்கறான், வெறும் வயித்தோட அனுப்ப முடியுமா? இருக்கற சோறோ குழம்போ. முந்தாநாளு சந்தகை புழிஞ்சேன், தேங்காப்பாலு ஊத்தி, சர்க்கரை போட்டு. ரெண்டாவது தடவ கேட்டு வாங்குனானே, சொல்லலியா?"

எங்கள் ஊர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் கை நனைக்காமல் வரக்கூடாது. வந்தால் உறவு வேண்டாம் என்று சொன்ன மாதிரி. பகை தீர்ந்தது என்று காட்டுவதற்கும் அதேதான், போய்க் கை நனைத்துவிட்டு வருவார்கள். ஆகவே அது சாப்பாட்டைப் பற்றிய பேச்சே அல்ல, மரியாதையைப் பற்றிய பேச்சு. ஒரு வாயும் கை நனைப்பதுதான், ஒரு படி சோறும் கை நனைப்பதுதான். இவர் அந்த வார்த்தைக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

"டாக்டரு கேட்டப்ப என்ன சொன்னீங்க?" என்றேன்.

"வெளிய சாப்பிடறீங்களான்னு கேட்டாங்க. அக்கா ஊடு வெளியிங்களா?"

என்னிடம் ஒரு நாளும் 'ங்க' போட்டுப் பேசாத மனுஷன் அன்றைக்குப் போட்டார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தினமும் தின்னுபோட்டு வந்துருக்கறீங்க."

"திங்கல அம்மணி. கை நனைச்சேன், அவ்வளவுதான்."

"கண்ணு போயிருமுன்னு சொன்னாங்களே, அது மறந்துபோச்சுங்களா?"

நங்கை எழுந்துவிட்டார். "கண்ணா? என்ன கண்ணு? எந்தக் கண்ணு? தம்பி, உனக்குச் சர்க்கரை எறங்கிப்போச்சு, இனி எல்லாந் திங்கலாமுன்னு நீதானடா சொன்ன? ஊட்டுல அவ அடுப்பே பத்தவெக்கறதில்ல, தழையத்தான் வெட்டிப் போடறான்னு சொன்னியேடா?"

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

நங்கை உட்கார்ந்து அழுதார். "நானாடா உனக்கு வெசத்த ஊட்டுனேன்" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் ஆறுதல் சொல்லவில்லை. நங்கையும் என்னைப் போல ஏமாந்தவர்தான், அது எனக்கு அப்போதே புரிந்தது. ஆனாலும் வாயிலிருந்து நல்ல வார்த்தை வரவில்லை. ஒரு வருடமாக அந்தக் குடும்பத்தில் நான் அடுப்பு பற்றவைக்காதவள். அவர் சொந்தத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் நாலு பேர் என்னை ஒரு மாதிரி பார்த்ததற்கு அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது.

நங்கை போன பிறகு கேட்டேன். "தின்னீங்க, போகட்டும். ஆசை, அடக்க முடியல. தேனை எடுக்கச் சொன்னப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கத்துவ."

கத்தினேன். கீழ் வீட்டுக்காரர்கள் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்கிற அளவுக்குக் கத்தினேன். சந்தகைக்காக அல்ல. நான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து பார்த்தாரே, அதற்காக. காரணம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அது என் கையில் இருக்கிறது என்று என்னை நம்பவிட்டார். கடைக்கு வந்து கல்லைத் தட்டிப் பார்த்தாரே! அந்த ஒன்றை மட்டும் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

டாக்டரிடம் நானே சொன்னேன். கை நனைப்பது என்றால் அவருக்குப் புரியவில்லை. "கை கழுவறதாம்மா?" என்றார். "இல்லீங்க, ஒரு தட்டுச் சோறு" என்றேன். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். இன்சுலின் எழுதினார். கண் ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். இன்னும் போட வேண்டும். பார்வை நிற்குமா என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறார்கள்.

கொஞ்ச நாள் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் வலது கையைப் பிடித்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசம் வந்தது. சோப்பு எதற்கு என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் நான் கேட்கும் முன்பே அவராகக் கையை நீட்டினார். எனக்கு அருவருப்பாகிவிட்டது, அவர்மேலா என்மேலா என்று தெரியவில்லை. கையைத் தட்டிவிட்டேன். "இனி உங்களுக்கு வேண்டியத நீங்களே பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவரே பண்ணிக்கொள்கிறார். வேலை விட்டு வந்ததும் கறியை ஊறவைக்கிறார், கல்லைக் காய வைக்கிறார். டிரெஸ்ஸிங்கில் கடுகு அதிகமாகப் போட்டுவிடுகிறார், நான் சொல்வதில்லை. நான் எனக்கு அரிசியும் பருப்பும் வைத்து, நெய் விட்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்து தின்கிறேன். பாவம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

நேற்று அடுப்படியிலிருந்து கூப்பிட்டார்.

"அம்மணி, வெந்துருச்சான்னு பாரு."

"வெட்டிப் பாருங்க. உள்ள ரோஸ் நிறமா இருந்தா வேகல, வெள்ளையா இருந்தா வெந்துருச்சு."

"வெட்டிட்டேன். ரோஸா வெள்ளையான்னு எனக்குத் தெரியல."

சாதத்தில் வைத்த கை அப்படியே நின்றது. கண் நிஜமாகவே அவ்வளவு மங்கிவிட்டதா? அல்லது என்னை மறுபடி அடுப்புப் பக்கம் வரவழைப்பதற்கு ஒரு வழியா? குரலை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். முன்பெல்லாம் அவர் குரலில் எனக்குத் தெரியாதது எதுவும் இருந்ததில்லை. இப்போது ஒன்றும் பிடிபடவில்லை.

கல்லில் கறி தீய ஆரம்பித்திருந்தது. எழுந்து போய் அடுப்பைக் குறைத்தேன். வெட்டிய துண்டைப் பார்த்தேன். நடுவில் ரோஸ் நிறம்.

"வேகல" என்றேன்.