பேட்டரிக்கு எதற்குக் காது?

துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர் பெட்டிகளைத் திறக்காமலேயே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள் அல்லவா? அந்தக் கதிர் பெட்டிக்குள் எப்படிப் போகும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. இயந்திரம், மூட்டை, பிரிட்ஜ் எல்லாம் அடைத்த ஒரு பெட்டியைத் திரையில் கட்டுவேன். கோடிக்கணக்கான கதிர்த்துகள்களை அதற்குள் அனுப்புவேன். எது எங்கே மோதும், எங்கே திரும்பும், எங்கே அடங்கிப்போகும் என்பதைக் கம்ப்யூட்டர் தாயம் உருட்டுவதுபோல உருட்டித் தீர்மானிக்கும். தப்பி வெளியே வந்தவை சேர்ந்து ஒரு படமாகும். திருவொற்றியூரில், எங்கள் படுக்கையறை மூலையில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன் என்றால் பலர் நம்புவதில்லை.

அன்று காலை ஆபீஸ் மீட்டிங் முடிந்து காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினேன். கூடத்தில் ஒரே அமைதி. ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் அமைதி நல்லதல்ல. போய்ப் பார்த்தால், பாடும் வாத்துப் பொம்மையின் அடிமூடி திறந்து கிடந்தது. உள்ளே இருக்க வேண்டிய வட்டப் பேட்டரியைக் காணோம்.

"வாயில போட்டாளா? நீ பார்த்தியா?" என்று நாத்தனாரைக் கேட்டேன். அவள் என் கணவரின் தங்கை. ராயபுரத்திலிருந்து வந்து பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள்.

"நான் பால் காய்ச்சிகினு இருந்தேன் அண்ணி. வாய அசைச்சிகினு இருந்தா. பிஸ்கெட்டுன்னு நெனச்சிட்டேன்."

அந்தப் பேட்டரி உடம்புக்குள் தங்கிவிட்டால் உள்ளேயே அரித்துப் புண்ணாக்கிவிடும் என்று படித்திருந்தேன். சோபாவைத் தூக்கினோம், பாயை உதறினோம். கிடைக்கவில்லை. கணவருக்குப் போன் செய்துவிட்டு ஆட்டோவில் ஏறினோம். வழியெல்லாம் டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. சாதாரண நாளில், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டே போவேன். அன்று மகளின் வயிற்றைத் தவிர எனக்கு வேறு பெட்டியே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் தொண்டையைப் பார்த்துவிட்டு, கழுத்திலிருந்து அடிவயிறு வரை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அங்கேதான் என் படிப்பு எனக்கு எதிரியானது. கதிர் ஒரு சின்ன உடம்புக்குள் போய் எங்கெங்கே தங்கும் என்று கண்ணை மூடாமலே எனக்குத் தெரிந்தது. எத்தனை கிலோவோல்ட், எவ்வளவு தூரம், ஒரே படம் போதுமா என்று எக்ஸ்ரே எடுப்பவரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நரைத்த மீசைக்காரர். பொறுமையாகத்தான் இருந்தார், கொஞ்ச நேரம்.

"இன்னாம்மா, எக்ஸ்ரே எடுக்க வந்தியா, இல்ல மிஷினை வெல பேச வந்தியா?"

"ஒரே ஒரு படம்தானே அண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு. புள்ள மேல இருக்கற நகையெல்லாம் கழட்டு."

கொலுசு, வளையல், தோடு, தலை கிளிப் எல்லாவற்றையும் கழற்றினேன். டயப்பருக்குள் இறங்கியிருந்த அரைஞாண் கயிற்றை மட்டும் விட்டுவிட்டேன். வெறும் நூல், கதிர் அதைச் சட்டை பண்ணாது என்று எனக்குத் தெரியுமே!

படம் திரையில் வந்தது. தொப்புளுக்குக் கீழே, பளிச்சென்று வெள்ளையாக ஒரு வட்டம்.

"மாதாவே!" என்றாள் நாத்தனார். டாக்டரம்மாவைக் கூப்பிட ஆள் ஓடியது. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வட்டத்தின் உச்சியில் ஏதோ உறுத்தியது.

"அண்ணா, இந்த இடத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணுங்க."

பெரிதாக்கினார். வட்டத்தின் மேல் குட்டியாக ஒரு வளையம்.

"பேட்டரிக்கு எதுக்குக் காது?" என்றேன்.

நாத்தனார் வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அண்ணி, அது மாதா மெடலு! காலைல நான்தான் அரைஞாண் கயித்துல கோத்தேன். நீ மீட்டிங்ல இருந்த."

மீசைக்காரர் டேபிளில் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஆனால் அந்தச் சிரிப்பு முடிவதற்குள் இன்னொரு யோசனை வந்துவிட்டது. எக்ஸ்ரே படத்தில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். கண்டெய்னரில் எதையாவது மறைக்க நினைப்பவன், கனமான இரும்புக்குப் பின்னால்தான் வைப்பான். மெடலின் நிழலுக்குள்ளேயே பேட்டரி ஒளிந்திருந்தால்?

"அண்ணா, மெடலைக் கழட்டிட்டு இன்னொரு படம் எடுக்கணும்."

"யம்மா, அப்ப ஒண்ணுக்கு மேல எடுக்காதேன்னு மல்லுக்கட்டின. இப்ப இன்னொண்ணு எடுன்னு மல்லுக்கட்ற. உனுக்கு இன்னாதான் வேணும்?"

"இன்னொண்ணுதான் வேணும்."

சொல்லிவிட்டேனே தவிர, சரிதானா என்று உள்ளே அடித்துக்கொண்டது. வேண்டாத கதிரை என் கையாலேயே குழந்தைக்குக் கொடுக்கிறேனா? டாக்டரம்மா வந்து படத்தைப் பார்த்து, "அவங்க சொல்றது சரி, திரும்ப எடுங்க" என்றார். இந்தத் தடவை குழந்தையை நானே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஈயம் வைத்த கனமான கோட்டை மாட்டிவிட்டார்கள். ஈயத்தின் அடர்த்தியைக் கம்ப்யூட்டரில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அது தோளில் இப்படி இறங்கும் என்று தெரியாது. நிறைமாத வயிறு நினைவுக்கு வந்தது. அழுகிற மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது படத்தில் விலா எலும்புகள் இருந்தன, குடலில் கொஞ்சம் காற்று இருந்தது. வட்டமாக எதுவும் இல்லை.

"எலும்பப் பாரு அண்ணி, நெத்திலி மாரியே கீது" என்றாள் நாத்தனார்.

மகளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தபோது கணவர் போன் செய்தார். ஷிப்டிலிருந்து பாதியில் வீட்டுக்கு ஓடியிருக்கிறார்.

"பிரிட்ஜ் கதவுல, கீழ இருக்கற காந்தத்துல ஒட்டிகினு கீது உன் பேட்டரி. உன் பொண்ணு வேலதான்!"

"அதே பேட்டரிதானா? நம்பரைப் படிங்க."

படித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அவர் சிரிக்க, நான் சிரிக்க, எதற்கென்று தெரியாமல் மகளும் சிரித்தாள். அப்படியே பேசிக்கொண்டு, படியிறங்கி, வாசலில் ஆட்டோவைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டேன். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. மீசைக்காரர்.

"யம்மா! கோட்டக் கழட்டிக் குடுத்துட்டுப் போம்மா!"

குனிந்து பார்த்தேன். ஈயக் கோட்டோடுதான் நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவு தூரம் நடந்தும் அது கனக்கவே இல்லை.