வீட்டு வண்டியின் மூக்கில் ஒட்டியவை

செத்த பூச்சியைச் சுரண்டி எடுப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் ஒருமுறைகூடச் சுரண்டிப் பார்க்காதவர்கள். அடிப்பிடித்த பால் பாத்திரத்தோடு மல்லுக்கட்டியவர்களும், குழந்தை சுவரில் அப்பிய சோற்றுப் பருக்கையை மறுநாள் பெயர்த்தவர்களும் அப்படிக் கேட்கமாட்டார்கள். அவர்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியின் ஷெட்டுக்கு நான் பொறுப்பாளன். ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகவே வந்து சேரும் வெள்ளைக்காரர்கள் சிலர், இங்கே வண்டியைக் கப்பலேற்றி, பினாங்கு வழியாக ஆஸ்திரேலியாவுக்குப் போவார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டிகள். எங்கள் ஷெட்டில் அவற்றுக்கு ‘வூட்டு வண்டி’ என்று பெயர். போய் இறங்கும் நாட்டில் அயல்நாட்டு மண், விதை, பூச்சி எதுவும் இறங்கக் கூடாதாம். ஆகவே கப்பல் கம்பெனியின் பரிசோதகர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி ஏறும். நெல்லூர் வழியாக வரும் வண்டியின் முகப்பிலோ, வழியில் இருந்த வயல்களின் பூச்சியெல்லாம் அப்பியிருக்கும்.

அதை எடுப்பவர்கள் இரண்டு பேர். பீட்டர், மீனவர் குடும்பத்தில் பிறந்து, கடல் ஒத்துக்கொள்ளாமல் கரையிலேயே தங்கிவிட்டவர். கன்னியப்பன், திருவொற்றியூரிலிருந்து சைக்கிளில் வருபவர். பரிசோதனையில் தேறாமல் மூன்று வண்டி திரும்பி வந்தால் ஷெட்டை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். மூடினால் அவர்கள் இருவரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எனக்கு எண்ணூர்க் கிடங்கில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதற்கு மூன்று கால்.

கோணி செய்யும் வேலை

பூச்சி காய்ந்தால் பெயின்ட்டோடு பெயின்ட்டாகிவிடும். அதைத் தேய்க்கக் கூடாது, ஊறவைக்க வேண்டும். கோணிப்பையை நனைத்து வண்டியின் முகப்பில் போர்த்தி, காயக் காயத் தண்ணீர் தெளித்து, இரண்டு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். பிறகு துணியால் ஒற்றினாலே வந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவன் நான் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். ஆனால் வேறு யாரும் சொல்லிக்கொண்டதாகவும் தெரியவில்லை.

இதில் மிகக் கஷ்டமான பகுதி அந்தச் சும்மா இருப்பது. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் உள்ளே வந்து வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் புளி என்பார், ஒருவர் சாம்பல் என்பார், மோரை ஊற்றச் சொன்னவரும் உண்டு. வண்டிக்காரர்கள் அதற்கும் மேல். உயரமான ஒரு ஐரோப்பியர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். ஆரம்பித்தாயிற்று என்றேன். அவர் வண்டியைப் பார்த்தார். பிறகு, கால்மேல் கால் போட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருந்த பீட்டரைப் பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே போய்க் கம்பி பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து தாமே தேய்க்கத் தொடங்கினார். ஒரு வெட்டுக்கிளியோடு உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பெயின்ட்டும் வந்தது. பீட்டர் எழுந்துபோய், அவர் கையிலிருந்த பிரஷை மரியாதையாக வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “கோணி வேல செய்துகினு கீது சார். நான் மேற்பார்வ.”

எட்டுக் கால்

முதல் வண்டி திரும்பியது என்னால்தான். அதை ஒளித்துப் பயனில்லை.

பரிசோதகர் ஒல்லியான மனிதர். பேசமாட்டார், சிரிக்கமாட்டார், ஒரு டார்ச் லைட்டும் படிவங்கள் செருகிய அட்டையும் வைத்திருப்பார். அன்றைக்கு வண்டியைச் சுற்றி வந்தவர் முன்விளக்கின் வளையத்துக்குப் பின்னால் டார்ச்சை அடித்து, அங்கேயே நின்றுவிட்டார். ஒரு சிலந்தி, செத்து, கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. உடனே துடைத்துவிடுகிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய விலங்கியல் நூல் ஒன்றை அப்போதுதான் படித்து முடித்திருந்தேன். பூச்சி என்றால் ஆறு கால் இருக்க வேண்டும், சிலந்திக்கு எட்டு, ஆகவே அது பூச்சி வகுப்பிலேயே சேராது, உங்கள் படிவத்தில் இருப்பது பூச்சி என்ற சொல் மட்டும்தான் என்று விளக்கினேன். தேளும் அப்படித்தான் என்று கூடுதலாக வேறு சொன்னேன். பின்னால் கன்னியப்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். பரிசோதகர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். “அப்ப ரெண்டு கால் அதிகமாவே இருக்கு. வண்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க” என்றார்.

பிஸ்கட் டப்பா

இரண்டாவது வண்டியில் வந்தவர் தனியாகப் பயணம் செய்த ஒரு அம்மாள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மற்றவர்கள் பூச்சியை எடுக்கச் சொல்வார்கள். இவர் எடுக்காதே என்றார். முகப்பில் ஒட்டியிருந்தவற்றில் பதினான்கைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, இது துருக்கி, இது பாரசீகம், இது லாகூர் என்று எங்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் படிவம் படிவம்தானே. முழுசாக எடுத்துக் கொடுத்தால் ஊருக்குத் தபாலில் அனுப்பிவிடுகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். பீட்டர் அரை நாள் குனிந்து, கோழி இறகாலும் ஊசியாலும் பதினான்கையும் இறக்கை ஒடியாமல் எடுத்துக் கொடுத்தார். மீன் முள்ளைக்கூட அவ்வளவு பதமாக எடுத்ததில்லை என்றார்.

மறுநாள் பரிசோதகர் வெளியே ஒரு குறையும் காணவில்லை. எனக்குப் பெருமை. உள்ளே ஏறினார். அடுப்புக்கு மேலே இருந்த இழுப்பறையைத் திறந்தார். ஒரு பிஸ்கட் டப்பா; அதற்குள் பஞ்சு; பஞ்சின்மேல் துருக்கியிலிருந்து லாகூர் வரை அத்தனையும் வரிசையாகப் படுத்திருந்தன. அம்மாளுக்குத் தபாலில் நம்பிக்கை வரவில்லையாம். பரிசோதகர் டப்பாவை மூடி, என் கையில் கொடுத்து, இறங்கினார். “வெளியே எடுத்ததை எல்லாம் பத்திரமா உள்ளே வச்சிருக்கீங்க” என்றார்.

எலுமிச்சம்பழம்

மிச்சம் ஒரே ஒரு வாய்ப்பு. முதலாளி ஷெட்டுக்கே வந்து, கூரையையும் சுவரையும் அளப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்து வந்தது ஒரு இளம் தம்பதியின் வண்டி. புருஷனுக்கு நெஞ்சுவரை தாடி. ஆயுத பூஜை கழிந்த வாரம். வயல்களில் பச்சைப்பூச்சி பறக்கும் பருவம். முகப்பில் என்ன நிறம் என்றே தெரியவில்லை. கோணி போட்டோம், எடுத்தோம், மறுபடி போட்டோம். இரண்டு நாள். பல் தேய்க்கும் பிரஷால் இண்டு இடுக்கெல்லாம் பார்த்தோம். எந்த இழுப்பறையையும் நான் விடவில்லை. தாடியைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தேன். பூச்சி மட்டுமல்ல, பூச்சி என்ற எண்ணமே இல்லாத வண்டியாக ஆக்கிவிட்டு, பரிசோதகரை அழைத்துவர நானே துறைமுகத்துக்குப் போனேன். போய்வர எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் இருக்கும்.

அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து திரும்பி வந்தேன். ஷெட் வாசலில் வண்டி நின்றது. கண்ணாடியில் மூன்று பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். முகப்பின் குறுக்கே கதம்ப மாலை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு எலுமிச்சம்பழம். உடைத்த தேங்காயின் தண்ணீர் பம்பரில் வழிந்திருந்தது. கீழே வாழையிலையில் பொரியும் வெல்லமும். அந்த வெல்லத்திலிருந்து கிளம்பிய எறும்பு வரிசை நம்பர் பலகையைத் தாண்டி, மாலையில் மும்முரமாகக் குடியேறிக்கொண்டிருந்தது. தாடிக்காரர் நெற்றியில் குங்குமத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். கன்னியப்பன் கற்பூரத் தட்டோடு நின்றார். வண்டி பாஸாக வேண்டும் என்று அவர் கைக்காசைப் போட்டு எல்லாம் வாங்கியிருந்தார். அவரை என்ன சொல்வது? எறும்புக்கு ஆறு கால் என்பது மட்டும்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பரிசோதகர் எறும்பு வரிசையைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தார். நான் அவருடைய ஸ்கூட்டரைப் பார்த்தேன். அதன் முன்பக்கத்திலும் போன வாரத்துச் சந்தனம் காய்ந்திருந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். ஒரு டீ குடிக்க வேண்டும், இருபது நிமிடம் ஆகும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, எதிர்க் கடைக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

இப்போது தாடிக்காரர் மாலையைத் தொட விடவில்லை. கப்பலேறும்வரை எடுக்கக் கூடாது என்று கன்னியப்பன் ஜாடையில் சொல்லிவைத்திருந்தாராம். கன்னியப்பனும் துடைக்கமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். “நகுரு நைனா, நான் வேதக்காரன், என்கைல உங்க சாமி கோச்சுக்காது” என்று பீட்டர் மாலையைக் கழற்றி உதறி, புருஷன் கழுத்தில் பாதியும் பெண்டாட்டி கழுத்தில் பாதியுமாகப் போட்டார். இருவரும் கைகூப்பினார்கள். படிவம் வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. இதை நான் இந்த முறை மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டேன். இருபது நிமிடத்தில் சந்தனம், வெல்லம், தேங்காய், எறும்பு எல்லாம் போயிற்று. டீ குடித்து வந்தவர் டார்ச்சோடு இரண்டு சுற்று வந்தார், சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சை விதையைக் கண்டெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், கையெழுத்துப் போட்டார்.

ஷெட் தப்பியது. இரண்டு நாள் ஊறவைத்த கோணிகளை நான் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கன்னியப்பன் அடுத்த வண்டிக்கென்று எலுமிச்சம்பழங்களைத் துடைத்து வரிசையாக ஜன்னலில் அடுக்கிக்கொண்டே சொன்னார்: “பாத்தியா சார், பூஜ போட்டதாலதான் பாஸ் பண்ட்டாரு.”

ஆறு வருடம் அந்த ஷெட்டில் இருந்து நான் தெரிந்துகொண்டது, கண்ணாடியில் ஒட்டியதை எடுக்க ஒரு ஈரக்கோணியும் இரண்டு மணி நேரமும் போதும், மண்டையில் ஒட்டியதை எடுக்கும் கோணியை இன்னும் யாரும் நெய்யவில்லை என்பதுதான்.