நீலக்கரைப் பை

எங்கள் தெருவில் பற்று வாங்காத வீடு கிடையாது. கடனுக்குச் சாமான் வாங்குவோம். சனிக்கிழமை கூலி வந்ததும் முடிந்ததைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அடுத்த வாரத்தின் தலையில் கட்டுவோம். அறுபதுகளில் சிவகாசித் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போன பெண்களுக்குக் கடை வாசலில் நிற்க ஏது நேரம்? விடிந்ததும் போகிற போக்கில் மளிகைக் கடை ஆணியில் பையை மாட்டிவிட்டுப் போவோம். கடைக்கார அண்ணாச்சி அந்தந்த வீட்டுக்கு வழக்கமாகப் போவதைப் போட்டு வைப்பார். சாயங்காலம் எடுத்துக்கொள்வோம். யார் மாட்டினார்கள் என்று அவர் பார்ப்பதில்லை, எந்தப் பை என்றுதான் பார்ப்பார். என் பை, பழைய சேலையின் நீலக்கரையை வைத்துத் தைத்தது.

சொகுசான ஏற்பாடுதான். கையிலிருந்து காசு போகாதபோது எதற்கும் விலை தெரியாது. கருப்பட்டியே போதும் என்றிருந்த என் நாக்கு சீனி கேட்டது. தீபாவளி நெருங்கினால் பாக்கி கழுத்தை நெரிக்கும். அதை அடைக்கக் கம்பெனியில் முன்பணம் வாங்குவோம். முன்பணம் வாங்கியவள் அடுத்த தீபாவளிவரை வேறு கம்பெனிக்குப் போகக் கூடாது.

எனக்கோ போயே ஆக வேண்டியிருந்தது. எங்கள் மேஸ்திரியின் வாய் அப்படி. மருந்தில் முக்குவதற்காக மரச் சட்டத்தில் அடுக்கிய தீக்குச்சி ஒரு வரிசை கோணினால் போதும், பெற்றவளில் ஆரம்பித்துப் பிள்ளைகள்வரை ஏசுவார். எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும். அதை முன்பணத்துக்காக விழுங்கி விழுங்கி வயிறு புண்ணானதுதான் மிச்சம். முன்பணப் பாக்கி இல்லாமல் வந்தால் தீபாவளி கழிந்து சேர்த்துக்கொள்வதாகச் சாத்தூர் ரோட்டில் இன்னொரு கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

பற்றை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கூலி வாங்கியதும் காலித் தீப்பெட்டிகளில் பிரித்துப் போட்டேன். ஒன்று அரிசிக்கு, ஒன்று மண்ணெண்ணெய்க்கு, ஒன்று பழைய பாக்கிக்கு. பெட்டி காலியானால் அந்த வாரம் அந்தச் சாமான் கிடையாது. எல்லாம் சரி, ஆணியைத் தாண்டும்போதுதான் கை நமநமவென்றது. இரண்டு தரம் தோற்றேன்.

பக்கத்து வீட்டு மதினியிடம் புலம்பினேன். உறவு இல்லை, வாய் நிறையக் கூப்பிட்டுப் பழகிய மதினி. வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டுவார்.

"நானும் விடணும்னுதான் பாக்கேன். ஒம் பைய என்கிட்ட குடு, எம் பைய நீ வச்சுக்கோ. கையில இருந்தாத்தான புத்தி போகும்?" என்றார்.

எம்புட்டு நல்ல யோசனை என்று பூரித்துப் போனேன். அவருடைய பையை மடித்து, ட்ரங்குப் பெட்டியில் என் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்தேன். அடுத்தவர் பொருள் அல்லவா?

முதல் மாதம் உயிர் போயிற்று. ரசத்துக்குத் தாளிக்க எண்ணெய் இல்லை. பிள்ளைகள் வட்டிலைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. கையில் உள்ளதற்குச் சந்தையில் வாங்குவதில் ஒரு திமிர்கூட வந்தது. சில சாயங்காலங்களில் மதினி சீனி போட்ட காப்பி கொடுப்பார்.

"ரொக்கத்துக்கே சீனி வாங்குறீகளே, எப்படி மதினி?"

"பெட்டி ஒட்டுற காசுல மிச்சம் பிடிச்சதுதான்."

அவர் கெட்டிக்காரத்தனத்தை வீட்டில் சொல்லிச் சொல்லி மெச்சினேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம், பழைய பாக்கிக்குச் சேர்த்ததை முந்தானையில் முடிந்துகொண்டு நிமிர்ந்த தலையோடு கடைக்குப் போனேன். அண்ணாச்சி சொன்ன தொகை, நான் கொண்டுபோனதைப்போல் மூன்று மடங்கு.

"நான் இப்பம் பற்றே வாங்கலயே, அண்ணாச்சி."

"என்ன தாயி இப்படிச் சொல்றீக? நீங்க கம்பெனிக்குப் போன பெறவு பை வருதே. போன செவ்வாக்கிழமைகூட நீலக்கரைப் பை தொங்குச்சு. சீனி, பருப்பு, நல்லெண்ணெய் எல்லாம் போட்டேனே."

மதினி கொடுத்த காப்பி நினைவுக்கு வந்தது. என் பற்றில் வாங்கிய சீனியைப் போட்டு எனக்கே கொடுத்து, என்னிடமே பாராட்டும் வாங்கியிருக்கிறார்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். பசைக் கையோடு பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். அழுவார், இல்லையென்று சாதிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"எம் பைக்குச் சாமான் போடுறத அண்ணாச்சி எப்பவோ நிறுத்திட்டாக. ஒம் பைக்குத்தான் போட்டாக. நான் என்ன செய்ய?" என்றார்.

"எப்பவோன்னா?"

"மாத்திக்கிடுறதுக்கு முன்னாடியே."

ஓங்கிய என் கை அப்படியே நின்றுவிட்டது. ஆணியில் மாட்டினாலும் கல் உப்புகூட விழாத பையைக் கொடுத்துத்தான் என் பையை வாங்கியிருக்கிறார். ஆசைக்குத் தோற்று எடுத்திருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. கேட்டிருந்தால் என் அரிசியில் பாதி கொடுத்திருப்பேன். இது, என் முகத்தைப் பார்த்து, என் ஆசையைக் கேட்டறிந்து, திட்டம் போட்டுச் செய்தது. "நீங்க நல்லாயிருங்க மதினி" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் தெருவே கூடியிருக்கும்.

நீலக்கரைப் பைக்குப் போட்டது என் பற்றுதான் என்று அண்ணாச்சி நின்றார். பை என்னுடையது, கொடுத்தது நான், எந்த நியாயத்தைப் பேசுவது?

மறுநாள் மேஸ்திரியின் முன்னால் முன்பணத்துக்குக் கை நீட்டினேன். நான் போகப் போகும் சேதி அவர் காதுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது.

"என்னளா, வேற கம்பெனிக்குப் போறேன்னு குதிச்சியாமே? இன்னும் ஒரு வருசம் இங்கனதான் கெடந்து சாகணும் நீ" என்று சொல்லி, இங்கே எழுத முடியாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்.

வழக்கமாக அந்தச் சொல்லுக்கு உடம்பெல்லாம் எரியும். அன்றைக்கு ஒன்றும் எரியவில்லை. இந்த ஆளாவது என்னை நேருக்கு நேர் ஏசுகிறார் என்று தோன்றியது. பணத்தை வாங்கிக்கொண்டு போய்க் குச்சி அடுக்க உட்கார்ந்தேன்.