பச்சைப் பட்டைக்குள் ஒரு கோடு

அரச வேலைக்கான போட்டிப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு மாத்தளை டவுனில் உளச்சார்பு, அதாவது நுண்ணறிவுச் சோதனைப் பாடத்துக்கு வகுப்பு எடுக்கிறேன். அதிலும் என் தலையில் விழுந்தது வரைபுப் பகுதி. சலாகை வரைபு, வட்ட வரைபு, கோட்டு வரைபு. பட்டம் முடித்துவிட்டு வருகிறவர்கள்கூட உயரமான சலாகையைக் கண்டதும் அதுதான் விடை என்று புள்ளடி போட்டுவிட்டுப் பெருமையாக நிமிர்ந்து பார்ப்பார்கள். அச்சு பூச்சியத்தில்தான் தொடங்குகிறதா, எதை எப்படி அளந்தார்கள் என்று பார்க்கப் பொறுமை கிடையாது. "கண்ண நம்பாதீங்க, அச்சப் பாருங்க" என்று கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டிப்போகும்.

வீடு டவுனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில். மாதம் ஒருமுறை மிட்வைஃப் மிஸ், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து கைக்குழந்தைகளை நிறுப்பார். அந்த நாள் பார்த்து எனக்கு வகுப்பு இருந்துவிடும். அதனால் மகளைத் தூக்கிக்கொண்டு போவது என் கணவரின் அக்கா, எனக்கு மதினி. பின்னேரம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து கிளினிக் புத்தகத்தைத் திறந்தால், வளர்ச்சி வரைபில் புதிதாக ஒரு புள்ளி இருக்கும். பச்சைப் பட்டைக்குள், அதன் கீழ் விளிம்பை ஒட்டி, கோடு ஏறிக்கொண்டிருந்தது. பச்சைக்குள் இருந்தால் சரி. அதற்குக் கீழே உள்ள செம்மஞ்சளுக்கு வந்தால்தான் கவலை. மகள் மெலிவாகத்தான் தெரிந்தாள். கண்ணை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். கோட்டையே நம்பினேன்.

இந்தத் தடவை மதினிக்குக் காய்ச்சல். வகுப்பை விட்டுவிட்டு நானே போனேன். மிட்வைஃப் மிஸ் இடமாற்றத்தில் புதிதாக வந்தவர்.

"டீச்சர், உடுப்பெல்லாம் கழட்டிட்டுத் தாங்க. கொலுசும் வேணாம்" என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். மிஸ் நிறுத்துப் பார்த்துப் புள்ளி வைத்தார். அது செம்மஞ்சளில் விழுந்தது. இவ்வளவு நாளும் ஏறிய கோடு சட்டென்று இறங்கியிருந்தது.

"பிள்ளைக்கு வயித்தால ஏதும் போச்சா? காய்ச்சல்?"

"இல்ல மிஸ்."

"அடுத்த கிழமை டவுன் கிளினிக்குக்குக் கொண்டு வாங்க. அப்பயும் இப்படின்னா ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தர்றேன்."

பயம் வர வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. ஸ்வெட்டரின் பொத்தான்களை ஒழுங்காகப் போட்டு, தொப்பியைச் சரிசெய்து, பக்கத்திலிருந்த பெண்ணிடம் மழை வருமா என்றுகூடக் கேட்டேன்.

வீட்டில் புத்தகத்தைப் பார்த்ததும் என் கணவரின் முகம் செத்துப்போனது. மதினி போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"நீ எப்புடிப் புள்ளயத் தராசுல வச்ச?"

"எப்புடி வைக்கிறது? உடுப்பக் கழட்டிட்டுத்தான்."

"அடியே, பச்சப்புள்ளய அத்தன பேரு முன்னால உரிச்சா வைப்பாங்க? கண்ணு பட்டுறாது? நான் ஒரு நாளும் கழட்டினதில்ல. ஸ்வெட்டரு, தொப்பி, வெள்ளி அரணாக்கொடி, கொலுசு, எல்லாத்தோடயுந்தான் வைப்பேன். பழைய மிஸ்ஸு ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க."

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்பப் புள்ள கொறையல! ஸ்வெட்டருதான் கொறஞ்சிருக்கு!"

மதினியும் இருமிக்கொண்டே சிரித்தார். படித்தவளை அனுப்பினால் இப்படித்தான் என்று என்னை ஒரு பிடி பிடித்தார். நானும் சிரித்தேன், அதாவது என் முகம் சிரித்தது. அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன்.

ஸ்வெட்டரும் கொலுசும் போனதால்தான் இந்தப் புள்ளி விழுந்தது என்றால், அதே ஸ்வெட்டரும் கொலுசும் முந்தைய புள்ளிகள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. இது வகுப்பில் நான் கொடுக்கும் கணக்குத்தான். ஒவ்வொரு அளவீட்டிலும் ஒரே பிழை கூடியிருந்தால், கோடு ஏறும் விதம் மாறாது, நிற்கும் இடம்தான் பொய். விரலால் ஒவ்வொரு புள்ளியாக அதே அளவு கீழே தள்ளிப் பார்த்தேன். பச்சையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மதினியின் பக்கமிருந்து இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போய்ச் சொல்ல வேண்டும். எழுந்திருக்கவே முடியவில்லை. அன்று சொல்லவில்லை.

அடுத்த கிழமை, காய்ச்சல் விட்டிருந்ததால் மதினியும் கூட வந்தார். மகள் வழக்கமாகப் போட்டுப் போகும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போயிருந்தேன். மிஸ்ஸிடம் விஷயத்தைச் சொல்லி, முதலில் பையை நிறுக்கச் சொன்னேன். நிறுத்தார். பிறகு பிள்ளையை, வெறும் மேலோடு. மிஸ் கிளினிக் புத்தகத்தைத் திறந்தார். பென்சிலை எடுத்து, பையின் நிறையைக் கழித்து, பழைய புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனார். எல்லாம் செம்மஞ்சளில் விழுந்தன. அவற்றைச் சேர்த்துக் கோடு இழுத்தார். பிறகு ஆஸ்பத்திரித் துண்டை எழுதத் தொடங்கினார்.

மதினி என் கையைப் பிடித்தார்.

"என்ன புள்ள இது? எப்பருந்து இவ இப்புடிக் கொறைய ஆரம்பிச்சா?"

"கொறையல மதினி" என்றேன். "மொதல்லருந்தே கொறவாத்தான் இருந்திருக்கா."

மதினி தராசிலிருந்து பிள்ளையை வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.