காலி எக்செப்டும் கல்யாண ஜாக்கெட்டும்

தி. நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு நான் டெல்ஃபி என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக் கொடுத்த புரோகிராம் இன்றும் ஓடுகிறது. டெல்ஃபி என்று சொன்னால் தரமணி ஐ.டி. ஆபீஸ் பிள்ளைகள் என்னை மியூசியத்தில் வைக்கப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அவர்கள் எழுதுவது வாரத்துக்கு ஒரு முறை படுத்துக்கொள்கிறது; என்னுடையது படுத்ததே இல்லை. அந்தத் திமிரோடுதான் அன்றைக்குக் கடையின் மாடிக்கு ஏறினேன்.

மாடியில் தையல் பிரிவு. ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் யாருடைய அளவிலோ தைத்து வந்திருந்தது, முழங்கையைத் தாண்டவில்லை. அளவெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் அக்காவைச் சாயங்காலமே வேலையை விட்டு அனுப்புவதாக முதலாளி அண்ணாச்சி முடிவு செய்துவிட்டார். அந்த அக்காவின் தப்பை நிரூபிக்கத்தான் என்னை வரச் சொன்னார்.

“மிஷின் பொய் சொல்லாதுல்லா தம்பி?”

“சொல்லாது அண்ணாச்சி” என்றேன், பெரிய இவன் மாதிரி.

“நான் கரெக்டாதான் சார் அடிச்சேன். நோட்லயும் கீது, பாருங்க” என்றார் அக்கா.

நோட்டில் 36 என்று இருந்தது, பக்கத்தில் ஒரு ‘L’. கல்யாணப் பெண் என்றால் அப்படிப் போடுவது அங்கே வழக்கமாம். விருந்து சாப்பிட்டு ஊதிவிடுவாள், பிறகு பிரித்துவிட உள்ளே கூடுதலாகத் துணி விடு என்று தையல்காரருக்குச் சொல்வது. அருமையான ஏற்பாடு. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

லேப்டாப்பில் டீபக்கரைப் போட்டேன். எஃப்8 அழுத்த அழுத்த, புரோகிராமை ஒவ்வொரு வரியாக நடத்திக் காட்டும் கருவி அது. அக்கா அதே 36L-ஐ அடித்தார். எழுத்தை எண்ணாக மாற்றும் வரியில் டீபக்கர் நின்று, இது எண்ணே இல்லை, எக்செப்ஷன் என்றது. மறுபடி எஃப்8. ‘எக்செப்ட்’ பகுதிக்குத் தாவியது. தப்பு நடந்தால் என்ன செய்வது என்று எழுதவேண்டிய இடம். அங்கே ஒன்றும் இல்லை, ஒரு குறிப்பைத் தவிர: “மெசேஜ் வந்தால் அண்ணாச்சி கத்துவார்.” எழுதியது சாட்சாத் நானேதான்.

ஆரம்பத்தில் ஒருநாள் திரையில் சிவப்புப் பெருக்கல் குறியோடு ஒரு பெட்டி வந்தது. “கல்யாணத்துக்குத் துணி எடுக்க வார இடத்துல இது என்ன அபசகுனம்? இனி வரப்படாது” என்று அண்ணாச்சி குதித்தார். தப்பைச் சரிசெய்யச் சோம்பல்பட்டு அதன் வாயை மட்டும் அடைத்துவிட்டுப் போனேன். அன்றிலிருந்து, எண் ஏறாதபோதெல்லாம் புரோகிராமில் மிச்சமிருந்த முந்தைய வாடிக்கையாளரின் அளவே சத்தமில்லாமல் தையலுக்குப் போயிருக்கிறது. ஏறக்குறைய ஒத்துப்போனதெல்லாம் ஆல்டரேஷனில் தீர்ந்திருக்கும். இந்த முறை முந்தைய வாடிக்கையாளர் பத்து வயதுச் சிறுமி.

ஓசைப்படாமல் திருத்திவிட்டுக் கிளம்பலாம் என்று தோன்றியது. பொய் சொல்வானேன், நன்றாகவே தோன்றியது. அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், போகத் தயாராக.

“அண்ணாச்சி, தப்பு என்னோடது” என்றேன்.

அண்ணாச்சி திரையருகே குனிந்து என் குறிப்பை வாசித்தார். “நான் எப்பம் தம்பி கத்துனேன்?” என்று கத்தினார். கல்யாணப் பெண்ணுக்கு வேறு துணி எடுத்துத் தைக்க ஆளனுப்பினார். பிறகு அக்காவைப் பார்க்காமலே, “நாளைக்கு வந்துரு” என்றார்.

நான் படி இறங்கும்போது அக்கா பின்னாலேயே வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“சார், எனக்கு முன்னாடி இங்க அளவெடுத்த அக்காவையும் இதுக்குத்தான் அனுப்பிட்டாங்க. அவங்களும் நோட்ல கரெக்டாதான் எழுதிகினு இருந்தாங்க. பெருங்குடில கீறாங்க. நம்பர் தரேன், நீங்களே சொல்லிடுங்க.”

நம்பரை வாங்கிக்கொண்டேன். மூன்று வாரமாகிறது. இன்னும் கூப்பிடவில்லை, வெட்கமாக இருக்கிறது.