கொலெத்துக்காகத் தட்டிய கதவுகள்

தேர்தலில் நிற்பவருக்குக் கால் வலிக்கும். அவருக்காகக் கதவு தட்டப் போகிறவருக்குக் காலோடு சேர்த்து மானமும் வலிக்கும். மொன்றியலில் செயின்ட்-மிஷேல் பக்கம் இரும்பு மாடிப்படி ஏறி நோட்டீஸ் கொடுத்தவர்கள், மார்ச் மாதத்துச் சேற்றுப் பனியில் சறுக்கி விழுந்தவர்கள், உள்ளே டிவி சத்தம் கேட்டும் ‘ஆள் இல்லை’ என்று எழுதிக்கொண்டு திரும்பியவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பகலில் நான் கார்டெரி என்ற பகல்நேரக் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்ப்பவள். மாலையில் கொலெத்தின் ஆள். கொலெத், இன்னு என்ற பழங்குடி இனத்தவர். அவரது ஊர் கியூபெக்கின் வடகரையில், ஒரு முழு நாள் பஸ் பயணத் தூரத்தில் இருக்கிறது. எங்கள் பகுதிக் கிளினிக்கில் நெடுநாள் தாதியாக இருந்து எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டவர். மாகாண சட்டசபைக்கு நிற்கப்போகிறேன் என்று அவர் சொன்னபோது சில பெரிய மனிதர்கள் வாய்விட்டுச் சிரித்தார்களாம். அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் போய்ப் பெயர் கொடுத்தேன்.

ஓம் சொன்ன வீடுகள்

முதல் தேர்தல் 2003இல். பிரசாரத்தை நடத்தியவர் ரெஜான் என்ற கியூபெக்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. அவர் என் கையில் வாக்காளர் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘ஆதரவு’, ‘சந்தேகம்’, ‘எதிர்ப்பு’ என்று மூன்றில் ஒன்றைக் குறிக்கச் சொன்னார். தமிழ் வீடுகள் எல்லாம் என் பொறுப்பு. போன இடமெல்லாம் ராஜ மரியாதை. உட்காரவைத்தார்கள், தேத்தண்ணி தந்தார்கள், “ஓம் ஓம், கட்டாயம் போடுவம்” என்றார்கள். நானும் வரிசையாக ‘ஆதரவு’ என்று எழுதித் தள்ளினேன். பட்டியலைப் பார்த்த ரெஜானுக்கு வாயெல்லாம் பல். அந்தத் தெருக்களுக்குக் கொலெத் நேரில் போகத் தேவையில்லை என்று முடிவு செய்து, அவரை வேறு தெருக்களுக்கு அனுப்பிவிட்டார்.

சில நூறு வாக்குகளில் தோற்றோம். என் ‘ஆதரவு’ வீடுகளில் பாதிப்பேர் வாக்குச்சாவடிப் பக்கமே வரவில்லை என்று வாக்களித்தவர்களின் பட்டியலோடு ஒப்பிட்டு ரெஜான் காட்டினார். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் கூடச் சுட்டது. கொலெத்தின் தோல்வியை என் கையால் எழுதியிருக்கிறேன் என்று குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அடுத்த கிழமை தமிழ்க் கடையில் மரியதாஸ் அண்ணையைக் கண்டேன். எனக்கு இரண்டு கோப்பை தேத்தண்ணி தந்த மனிதர். ஏன் அண்ணை இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டே விட்டேன். கத்தரிக்காயைப் பொறுக்கியெடுத்துக்கொண்டே அவர் ஆறுதலாகச் சொன்னார்:

“நாலு கட்சிக்காரரும் வந்தவை பிள்ளை, நாலு பேருக்கும் ஓம் எண்டுதான் சொன்னனாங்கள். வீடு தேடி வந்த ஆக்களுக்கு முகத்துக்கு நேர இல்லை எண்டு சொல்லுறதே?”

எந்த ஊர், ஆற்றை மகள்?

2007இல் கொலெத் மறுபடியும் நின்றார். இம்முறையும் தோற்றால் கட்சி மூன்றாவது தடவை இடம் தராது என்று எல்லோருக்கும் தெரியும். நான் அவரிடம் போய் என் பழைய பட்டியலின் கதையை ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, தன் ஊரிலும் வந்தவரைச் சாப்பிடவைத்துத்தான் ஏமாற்றுவார்கள் என்றார். இனி எல்லா வீட்டுக்கும் அவரே வருவதென்று முடிவாயிற்று.

ரெஜானின் சட்டம், ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிஷம். முதல் வீடே தம்பிராசா அண்ணை வீடு. யாழ்ப்பாணத்தார், சும்மா விடுவாரா? “எந்த ஊர், ஆற்றை மகள் எண்டு கேள்” என்றார் என்னிடம். வேட்பாளரிடம் போய் யாருடைய மகள் என்றெல்லாம் கேட்பதா என்று எனக்குக் கூச்சம். கேட்டேன். கொலெத் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் வசதியாக உட்கார்ந்தார். தன் ஊர் ஆற்றின் பெயர், அப்பா பெயர், அப்பாவின் அண்ணன் தம்பிகள், அதில் யார் யாரோடு கோபம், யார் எங்கே கலியாணம் முடித்தார்கள் என்று ஒன்றும் விடவில்லை. பிறகு அதே கேள்விகளை அவரிடம் திருப்பிக் கேட்டார். அரை மணித்தியாலம் போனது. மொழிபெயர்த்து எனக்கு நாக்கு வறண்டது. வெளியே ரெஜான் படியில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். வழியனுப்ப வந்த தம்பிராசா அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

“இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு வருசத்தில, ஊர் கேட்டதுக்கு ஒழுங்கா மறுமொழி சொன்ன முதல் ஆள் இவதான்.”

திட்டிய வீடு

இம்முறை பட்டியலுக்கு நான் புதுச் சட்டம் போட்டேன். சிரித்துத் தேத்தண்ணி தந்த வீடெல்லாம் ‘சந்தேகம்’. ரெஜானுக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியென்றால் யார்தான் ஆதரவு என்றார். பொறுங்கள், காட்டுகிறேன் என்றேன்.

புஷ்பம் அக்கா மன்னார்க்காரி, மாதா கோயில் பாடகர் குழுவில் முதல் குரல். ஊரில் தாதியாக இருந்தவர். இங்கே அந்தப் படிப்பை ஏற்காததால் சலவை ஆலையில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தவர் எங்களை உள்ளே விடவில்லை, தண்ணிகூடத் தரவில்லை. வாசலில் நிற்கவைத்துக் கால் மணித்தியாலம் பொரிந்து தள்ளினார். “நீயும் நேர்ஸ்தானே, எங்களுக்கு என்ன செய்தனீ?” என்று கேட்டபோது எனக்கே மொழிபெயர்க்கப் பயம். கொலெத் ஒரு சொல் விடாமல் கேட்டார். சமாதானம் சொல்லவில்லை. பேனையை எடுத்து, எந்தக் கடிதத்துக்கு எவ்வளவு நாளாக மறுமொழி வரவில்லை என்று எல்லாவற்றையும் அங்கேயே நின்று எழுதினார்.

படியிறங்கியதும் புஷ்பம் அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஆதரவு’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். ரெஜான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் ஆட்கள் வேண்டாதவரோடு சண்டை பிடிக்கமாட்டார்கள், மரியாதையாக அனுப்பிவிடுவார்கள் என்று விளக்கினேன். வாக்களிப்பு நாளன்று காலை, வாக்குச்சாவடிக் கதவு திறந்த கையோடு வந்து நின்றது பாடகர் குழு. முன்னால் புஷ்பம் அக்கா. ரெஜான் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னிடம் சொன்னார்:

“இனிமேல் உங்கள் ஆட்கள் யாராவது என்னைத் திட்டினால், நான் நன்றி சொல்லப்போகிறேன்.”

மண்டபத்தில் ஒரு கேள்வி

இதை முன்னமே சொல்லியிருக்க வேண்டும். வாக்களிப்புக்கு முந்தின ஞாயிறு, கோயில் மண்டபத்தில் வேட்பாளர் கூட்டம். கோட்டுப் போட்ட ஒரு கனவான் எழும்பி, எங்கோ வடக்கிலிருந்து வந்த ஒரு பெண்மணிக்கு மொன்றியல் மக்களின் பிரச்சினை எப்படித் தெரியும் என்று கேட்டார். கொலெத் வாய் திறக்குமுன் பின்வரிசையில் கதிரை இழுபட்டது. தம்பிராசா அண்ணை. தனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில், ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, அவர் சொன்னார்:

“ஐயா, நானும் வடக்கிலயிருந்து வந்தனான்தான். இஞ்ச இருக்கிறதில பாதிப்பேர் எங்கேயோ இருந்து வந்தாக்கள். அவதான் எங்கள் எல்லாருக்கும் முதலே இந்த மண்ணில இருந்த ஆள்.”

மறுநாள் காலை

வென்றோம். முன்பு தோற்றதைப் போல இரண்டு மடங்கு வித்தியாசத்தில் வென்றோம். கார்டெரிக்கு லீவு போட்டுவிட்டு, சுவரொட்டிகளைக் கழற்ற எட்டு மணிக்கே அலுவலகத்துக்குப் போனேன். கோட்டைக் கழற்றுமுன் தொலைபேசி அடித்தது. மரியதாஸ் அண்ணை. வாழ்த்துச் சொல்லத்தான் எடுக்கிறார் என்று குரலை இனிமையாக்கிக்கொண்டேன். அவர் வீட்டு முன்னால் தெருவிளக்கு எரியவில்லையாம். அண்ணை, அது நகரசபையின் வேலை, இது மாகாண சட்டசபை, வேறு வேறு என்று பொறுமையாக விளக்கினேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டு, ரிசீவரை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டே நின்றேன்.

“அந்தக் கதை எனக்கு வேண்டாம் பிள்ளை. எங்கடை ஆள் சபையில இருக்கேக்க நாங்கள் ஏன் இருட்டுக்குள்ள நடக்கவேணும்?”

பதவியேற்பு

கியூபெக் நகரத்துக்கு ஒரு பஸ் பிடித்துப் போனோம். பாடகர் குழு, தம்பிராசா அண்ணை குடும்பம், சாரதிக்கு வழிநெடுகப் புத்தி சொன்னபடி ரெஜான். தங்க வேலைப்பாடு செய்த அந்தப் பெரிய மண்டபத்தில் கொலெத் எழும்பி, முதல் நாலு வாக்கியங்களைத் தன் சொந்த மொழியில் பேசினார். எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. ஆனாலும் புஷ்பம் அக்கா விக்கி விக்கி அழுதார், நானும்தான். அன்று சிரித்த பெரிய மனிதர்களில் இருவர் முன்வரிசையில் எழும்பி நின்று கைதட்டியதைக் கண்குளிரப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

கொலெத்தின் அம்மா வடகரையிலிருந்து வந்திருந்தார். சின்ன உருவம், கழுத்தில் சிலுவை, மடியில் ஒரு பெரிய கூடை. சேலையும் கோட்டுமாக வரிசையில் நின்ற எங்களைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, கொஞ்சம் கடுமையாகவே ஏதோ சொன்னார். ஏதும் பிழை செய்துவிட்டோமோ என்று பயந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டேன். கொலெத் கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார்:

“உனக்கு இத்தனை சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்று முன்னமே சொல்லியிருந்தால், கூடச் சமைத்துக் கொண்டுவந்திருப்பேனே.”

அந்தத் தேர்தலில் யார் யார் எங்களுக்குப் போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நீங்களே போய்க் கேட்டுப் பாருங்கள், கொலெத்துக்கு வாக்குப் போடாத தமிழர் ஒருவர்கூட இப்போது செயின்ட்-மிஷேலில் கிடையாது.